விண்டோஸ் 11 உங்க கம்ப்யூட்டர்ல ஏறாதுன்னு வருதா? 45,000 ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!



"விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சாம். என் லேப்டாப்ல விண்டோஸ் 11 ஏறாதுன்னு வருது. கடையில கேட்டா புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றாங்க. வாங்கியே ஆகணுமா?"

இந்தக் கேள்வி இப்போ நிறைய பேருக்கு இருக்கு. லேப்டாப் நல்லாத்தான் ஓடுது. ஆனால் திரையில் ஒரு செய்தி வந்து, இந்தக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 போடும் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது. உடனே 45,000 ரூபாய்க்கு ஒரு இஎம்ஐ போட்டுடலாமா என்று மனசு ஓட ஆரம்பிச்சுடுது.

நம்மைப் பொறுத்தவரை இது முதலில் ஒரு செலவுக் கேள்வி. அதனால் செலவுக் கணக்காகவே பார்ப்போம்.

ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடறேன். தகுதி இல்லை என்று சொல்லப்படும் பல கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் அதே ஒரிஜினல் விண்டோஸ் 11-ஐ ஏற்ற முடியும். ஆனால் ஏற்ற முடிவது வேறு, அதற்கு சப்போர்ட் இருப்பது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு உங்க வீட்டில் அல்லது கடையில் என்ன விலை என்று தெரிஞ்சுட்டா, எந்த வழி சரி என்று நீங்களே முடிவு பண்ணிடலாம்.

சப்போர்ட் முடிந்தது என்றால் என்ன?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. அதற்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் காலையில் யாருடைய கம்ப்யூட்டரும் நின்று போகவில்லை. இன்றைக்கு ஆன் பண்ணினாலும் ஓடும். நின்றது ஒன்றுதான்: மாதாமாதம் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்.

அது என்ன பெரிய விஷயமா? பெரிய விஷயம்தான். 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களை எல்லாம் பூட்டி வைத்துவிட்டு, திறக்கணும்னா காசு கொடு என்று கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள்கூட பாதிக்கப்பட்டன. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்திருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள்.

கதவில் ஓட்டை இருப்பது ஊருக்கே தெரிஞ்ச பிறகு, அதை அடைக்க ஆசாரி வரமாட்டார் என்றால் எப்படி இருக்கும்? சப்போர்ட் முடிந்த விண்டோஸில் பேங்க் கணக்கைத் திறப்பது அப்படித்தான். முதல் நாளே ஒன்றும் ஆகாது. மாசம் ஏற ஏற ரிஸ்க் ஏறும்.

விண்டோஸ் 11 ஏன் மறுக்கிறது?

விண்டோஸ் 11 வெளியானது 2021 அக்டோபர் 5. அது கேட்கும் அடிப்படைத் தகுதிகள் பெரிதாகத் தெரியாது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இரண்டு கோர் உள்ள 64-பிட் பிராசஸர். இது பத்து வருஷ லேப்டாப்பிலும் இருக்கும். சிக்கல் வருவது மற்ற மூன்றில்.

ஒன்று, டிபிஎம் 2.0. பாஸ்வேர்டு, என்க்ரிப்ஷன் சாவி போன்றவற்றைத் தனியாகப் பூட்டி வைக்கும் ஒரு பாதுகாப்புப் பெட்டகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கம்ப்யூட்டரில் தனிச் சிப்பாக இருக்கும். பலவற்றில் பிராசஸருக்குள்ளேயே இருக்கும்.

இரண்டு, செக்யூர் பூட். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன்னாடியே வேறு எதுவும் திருட்டுத்தனமாக நுழையாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

மூன்று, பிராசஸர் பட்டியல். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் இருக்கும். ஏஎம்டி டெஸ்க்டாப் என்றால் ரைசன் 2000 வரிசையில் ஒரு பகுதியும் அதற்குப் பிறகு வந்தவையும் இருக்கும்.

அதாவது, வேகம் போதாது என்பதால் மட்டும் உங்க கம்ப்யூட்டர் தடுக்கப்படவில்லை. பாதுகாப்பு அம்சங்களை வைத்து மைக்ரோசாஃப்ட் ஒரு கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் நல்ல கம்ப்யூட்டரும் இருக்கிறது, உண்மையிலேயே காலம் முடிந்த கம்ப்யூட்டரும் இருக்கிறது. உங்களுடையது எது? அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கணும்.

முதலில் உங்க கம்ப்யூட்டர் எந்த வகைன்னு பாருங்க

செட்டிங்ஸ் போய், சிஸ்டம், அதில் அபவுட் என்பதைத் திறந்தால் பிராசஸர் பெயர் தெரியும். ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பின் முதல் எண் 8, அதாவது 8-ஆம் தலைமுறை. ஐ3-5005 என்றால் 5-ஆம் தலைமுறை. ஐ5-10210 போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்ணைப் பாருங்க, அது 10-ஆம் தலைமுறை. பென்டியம், செலரான், ஏஎம்டிக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது. அவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுக்கும் பிசி ஹெல்த் செக் ஆப்பைப் போட்டு ஓட்டினால் எது குறைகிறது என்று பட்டியல் போட்டே காட்டிவிடும்.

இப்போ மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

வகை 1: தகுதி இருக்கு, சுவிட்ச்தான் ஆஃப்ல இருக்கு

பிராசஸர் பட்டியலில் இருக்கு, ஆனால் டிபிஎம் இல்லை என்று வருகிறதா? அவசரப்படாதீங்க. அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப்பில் டிபிஎம் உள்ளே இருந்தும் ஆஃப் ஆகியிருப்பது சகஜம். பயாஸ் செட்டிங்ஸில் போய் ஆன் பண்ணினால் போதும். இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்று இருக்கும்.

இதற்குச் செலவு பூஜ்யம். ஏற்றிய பிறகு முழு சப்போர்ட்டும் உண்டு. இந்த வகையில் இருந்துகொண்டு புது கம்ப்யூட்டர் வாங்கினால், ஃபியூஸ் போனதுக்கு வீட்டையே மாத்தின கதைதான்.

இரண்டு எச்சரிக்கை. பயாஸில் கை வைப்பதற்கு முன், பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்க. ஆன் ஆகியிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை ஒரு பேப்பரில் எழுதி வைச்சுக்கோங்க. இல்லைன்னா கம்ப்யூட்டர் அந்த கீயைக் கேட்டுக்கொண்டு நிற்கும், உங்க ஃபைல் உங்களுக்கே திறக்காது. அடுத்து, பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் செக்யூர் பூட்டை நேரடியாக ஆன் பண்ணக் கூடாது, விண்டோஸ் திறக்காமல் போகும். டிஸ்க்கை முதலில் எம்பிஆர் முறையிலிருந்து ஜிபிடி முறைக்கு மாற்றணும். அதற்கு விண்டோஸிலேயே மைக்ரோசாஃப்ட் டூல் இருக்கு, ஃபைல் அழியாமல் மாற்றும். பேக்கப் எடுக்காமல் அதையும் செய்யாதீங்க.

வகை 2: பட்டியலில் இல்லை, ஆனால் தெம்பு இருக்கு

இன்டெல் 4 முதல் 7-ஆம் தலைமுறை ஐ3, ஐ5, ஐ7. 8 ஜிபி ரேம் இருக்கு, அல்லது போட முடியும். இந்த வகைதான் இந்தக் கட்டுரையின் மையம். இதில் ஒரிஜினல் விண்டோஸ் 11 ஏறும், ஓடும். ஆனால் மைக்ரோசாஃப்ட் பொறுப்பு எடுத்துக்காது.

வகை 3: காலம் முடிந்தது

கோர் 2 டியூ மாதிரி பிராசஸர், அல்லது 2 ஜிபி ரேமுக்கு மேல் போக முடியாத மெஷின். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11-க்கு பிராசஸரில் சில குறிப்பிட்ட கட்டளை வசதிகள் கட்டாயம் தேவை. கோர் 2 டியூவில் அவை முழுமையாக இல்லை. எந்தக் குறுக்குவழி போட்டாலும் பூட்டே ஆகாது. 2011-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது வந்த ஆரம்பகால லேப்டாப் இன்னும் வீட்டில் இருந்தால் அதையும் இந்த வகையிலேயே வையுங்கள். இதற்கு மேல் இதில் விண்டோஸுக்காகப் பணம் போடுவது வீண். இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டு, குழந்தைகள் டைப்பிங் பழக, பாடம் பார்க்க வைச்சுக்கலாம்.

வகை 2-க்கு எப்படி ஏற்றுவது?

இதில் நாம் விண்டோஸை மாற்றப் போவதில்லை. இன்ஸ்டால் ஆகும்போது வாசலில் நின்று "டிபிஎம் இருக்கா, செக்யூர் பூட் இருக்கா" என்று கேட்கும் அந்தச் சோதனையை மட்டும் தாண்டி வைக்கிறோம். உள்ளே போய் உட்காருவது மைக்ரோசாஃப்ட் கொடுத்த அதே விண்டோஸ். ஆக்டிவேஷனை உடைப்பதும் கிடையாது. இந்த வித்தியாசத்தை நல்லா மனசுல வைச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1. பேக்கப். போட்டோ, டாக்குமென்ட், டேலி டேட்டா எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில். காப்பி ஆச்சுன்னு நம்பாம, வேறொரு கம்ப்யூட்டரில் நாலு ஃபைலையாவது திறந்து பாருங்க. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் மறக்காதீங்க.

2. ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11 போட்டால் திறப்பதற்குள் டீ குடிச்சுட்டு வந்துடலாம். எஸ்எஸ்டி போட முடியாது என்றால் இந்த வேலையையே எடுக்காதீங்க. எஸ்எஸ்டி, ரேம் விலை அடிக்கடி ஏறி இறங்குவதால் இரண்டு கடையில் விலை கேட்டு எழுதி வைச்சுட்டு முடிவு பண்ணுங்க.

3. ஐஎஸ்ஓ ஃபைல். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்கணும். இலவசம்தான். அதே பக்கத்தில் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண் கொடுத்திருப்பார்கள். இறக்கிய ஃபைலின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால், ஃபைலில் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம்.

4. பென் டிரைவ். குறைந்தது 8 ஜிபி. ரூஃபஸ் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் அந்த ஐஎஸ்ஓவைக் கொடுத்தால், பென் டிரைவில் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி வரும்: ரேம், செக்யூர் பூட், டிபிஎம் சோதனையை எடுத்துவிடவா என்று. அதை டிக் பண்ணுங்க. ரூஃபஸ் 4.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கணும்.

5. மேலேயே ஏற்றுவதா, துடைத்துவிட்டு ஏற்றுவதா? விண்டோஸ் 10 ஓடும்போதே பென் டிரைவிலுள்ள செட்டப்பைத் திறந்தால் ஃபைல், மென்பொருள் எல்லாம் அப்படியே இருக்க மேலேயே ஏறும். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய் விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். துடைத்துவிட்டு ஏற்றினால் சுத்தமாக இருக்கும், ஆனால் அந்த 10 நாள் வாய்ப்பு கிடையாது.

6. புது கீ வாங்காதீங்க. உங்க விண்டோஸ் 10 ஒரிஜினலாக ஆக்டிவேட் ஆகியிருந்தால், அதே கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 தானாகவே ஆக்டிவேட் ஆகும். ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ போடணும், அவ்ளோதான். கீக்கு 500, 1,000 என்று கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

7. பத்து நாள் சோதனை. வைஃபை, டச்பேட், கேமரா, பிரிண்டர், கடை என்றால் பில் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். ஒவ்வொன்றையும் நிஜ வேலையில் ஓட்டிப் பாருங்க. ஒன்று அடம்பிடித்தாலும் 10 நாளுக்குள் திரும்பிடுங்க.

இதில் என்ன விலை ஒளிஞ்சிருக்கு?

ஏறிடுச்சு, ஓடுது, சந்தோஷம். ஆனால் மைக்ரோசாஃப்ட் இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. தகுதி இல்லாத கம்ப்யூட்டரில் போட்டால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, பாதுகாப்பு அப்டேட்டும் அதில் அடக்கம். இதனால் ஏதாவது கெட்டுப்போனால் தயாரிப்பாளர் வாரன்டியும் செல்லாது.

நடைமுறையில், மாதாந்திர அப்டேட் இதுவரை இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பெரிய பதிப்பு மாற்றம் தானாக வராது. விண்டோஸ் 11-இன் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஹோம், ப்ரோவில் 24 மாதம்தான் ஆயுள். 24எச்2-க்கு 2026 அக்டோபர் வரை, 25எச்2-க்கு 2027 அக்டோபர் வரை. அதற்குள் நீங்களே உட்கார்ந்து பென் டிரைவ் வேலையைத் திரும்பப் பண்ணணும். மறந்தால் சப்போர்ட் முடிந்த விண்டோஸ் 10-ல் இருந்த அதே நிலைதான், பெயர் மட்டும் 11.

இன்னொன்று. 24எச்2 வந்தபோது கோர் 2 டியூவுக்குக் கதவு அடைபட்ட மாதிரி, நாளைக்கு வேறொரு பதிப்பில் 5-ஆம், 6-ஆம் தலைமுறைக்கும் கதவு அடைபடலாம். அப்படி நடந்தால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

ஆக, இந்த வழியின் விலை ரூபாயில் குறைவு. நேரத்திலும் நிச்சயமின்மையிலும் அதிகம். படிப்புக்கும் படம் பார்ப்பதற்கும் இது நல்ல பேரம். கல்லாப்பெட்டி இருக்கும் கம்ப்யூட்டருக்கு நல்ல பேரம் இல்லை.

இதை மட்டும் எப்பவும் பண்ணாதீங்க

"அண்ணே, ஒரு பென் டிரைவ் இருக்கு. விண்டோஸ் 11, ஆபீஸ், எல்லாமே ஆக்டிவேட் பண்ணியே வரும். 500 ரூபா கொடுங்க போதும்." இப்படி யாராவது சொன்னால் கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

மேலே நாம் பார்த்தது மாற்றப்படாத, எண்ணைச் சரிபார்த்த ஒரிஜினல் ஃபைல். இந்த பென் டிரைவில் இருப்பது யாரோ பிரித்து, உள்ளே எதையோ எடுத்து, எதையோ வைத்து, திரும்பக் கட்டிய பொட்டலம். வைத்தது என்ன என்று கொடுப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். விண்டோஸைக் காசு கொடுக்காமல் ஆக்டிவேட் பண்ண உதவும் கேஎம்எஸ்பிகோ என்ற கிராக்கின் போலி இன்ஸ்டாலர்கள் வழியாக, கிரிப்ட்பாட் என்ற திருட்டு மென்பொருள் பரவுவதை 2021-இல் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, கிரிப்டோ வாலட் ஆகியவற்றைத் திருடுவதுதான் அதன் வேலை. வைரஸ் ஸ்கேனரை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க என்று எந்தக் கிராக்காவது சொன்னால், திருடன் "நாயைக் கட்டிப்போடுங்க, உள்ளே வரேன்" என்று சொல்வதாக எடுத்துக்கோங்க.

பணம் போனால் என்ன ஆகும்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு வங்கியிலும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் எங்கோ நடந்தது என்றால், 3 வேலை நாளுக்குள் தகவல் சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்படும் முழு இழப்பும் வாடிக்கையாளர் தலையில்தான். மிச்சம் பண்ணின அந்தப் பணத்தை இந்தப் பக்கத்தில் வைத்துப் பாருங்க, கணக்கு புரியும். எப்படிப் போனாலும் உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, பிறகு வங்கிக்கு.

பலருக்கும் தெரியாத மூன்றாவது வழி

புதுசும் வாங்காமல், பென் டிரைவ் வேலையும் பண்ணாமல் ஒரு வருஷம் தள்ளிப்போட அதிகாரபூர்வமான வழி ஒன்று இருக்கு. விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம், சுருக்கமாக இஎஸ்யு. இதில் சேர்ந்தால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தொடரும்.

சேர மூன்று வழி. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் பண்ண ஒத்துக்கொண்டால் இலவசம். அல்லது 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பாயின்ட். அல்லது ஒரு முறை 30 டாலர். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்கணும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு தெரியும். ஒரே அக்கவுண்டில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம்.

நிறுவன டொமைனில் இணைத்திருக்கும் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு இது கிடையாது. அதற்குத் தனித் திட்டம், முதல் வருஷம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், வருஷா வருஷம் இரட்டிப்பாகும். அந்த விலைக்குப் புது கம்ப்யூட்டர் பற்றி யோசிப்பதே மேல்.

இப்போ ரூபாய்க் கணக்கு

புது லேப்டாப் 45,000 ரூபாய் என்று வைப்போம்.

இன்றைக்கே 12 மாத கார்டு இஎம்ஐயில், 15% வட்டியில் வாங்கினால் மாதம் சுமார் 4,060 ரூபாய். மொத்த வட்டி சுமார் 3,740. வட்டி மீது 18% ஜிஎஸ்டி சுமார் 670. ஆக லேப்டாப்புக்கு மேல் 4,400 ரூபாய் போச்சு. நோ காஸ்ட் இஎம்ஐ என்றாலும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் இருக்கா என்று பில்லில் பாருங்க.

அதற்குப் பதிலாக ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, மாதம் 3,500 ரூபாய் ஆர்டியில் போட்டால் 42,000. 6.5% வட்டி என்றால் சுமார் 1,500 சேரும். கிட்டத்தட்ட முழு விலையும் கையில், கடன் இல்லை. வட்டி கட்டுவதற்கும் வட்டி வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஏறக்குறைய 5,900 ரூபாய்!

கடை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேற. ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழிலுக்கு 50,000 ரூபாய் கம்ப்யூட்டர் வாங்கினால் 18% ஜிஎஸ்டி 9,000. காம்போசிஷனில் இல்லாமல் சாதாரண முறையில் இருந்தால், அந்த 9,000-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கலாம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40% தேய்மானம் உண்டு. அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறையாமல் பயன்படுத்தியிருந்தால் முதல் வருஷமே 20,000 செலவாகக் காட்டலாம். பில்லில் உங்க ஜிஎஸ்டி எண் போடச் சொல்ல மறக்காதீங்க.

அப்போ நீங்க என்ன பண்ணணும்?

பிராசஸர் பட்டியலில் இருந்தால்: டிபிஎம், செக்யூர் பூட்டை ஆன் பண்ணி முறையாக விண்டோஸ் 11-க்குப் போங்க. செலவு இல்லை.

வகை 2, பிள்ளைகள் படிப்புக்கும் பொது உபயோகத்துக்கும் என்றால்: எஸ்எஸ்டி இருந்தால் ஒரிஜினல் ஐஎஸ்ஓ வழியில் ஏற்றலாம். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்கணும். அதில் நெட் பேங்கிங் வேண்டாம்.

வகை 2, வீட்டில் பேங்க் வேலை, பங்குச் சந்தை எல்லாம் அதில்தான் என்றால்: இன்றைக்கே இஎஸ்யுவில் சேருங்க. இன்றைக்கே ஆர்டியும் தொடங்குங்க. 2026 அக்டோபருக்குள் புதுசு. பழையதைப் பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்து, அப்போது விண்டோஸ் 11 ஏற்றிப் பார்க்கலாம்.

டேலி, ஜிஎஸ்டி தாக்கல், டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் ஓடும் கடைக் கம்ப்யூட்டர் என்றால்: சோதனையைத் தாண்டி ஏற்றும் வேலையே வேண்டாம். 20-ஆம் தேதி ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது மெஷின் மக்கர் பண்ணினால், தாமதக் கட்டணமும் உங்க பதற்றமும் சேர்ந்து எஸ்எஸ்டி விலையைத் தாண்டிடும். சப்போர்ட் உள்ள மெஷின் அங்கே முதலீடு.

வகை 3 என்றால்: விண்டோஸுக்காக ஒரு ரூபாய்கூடப் போடாதீங்க.

புது லேப்டாப் வாங்குவது தப்பே இல்லை. திரையில் வந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்து, கடன் போட்டு வாங்குவதுதான் தப்பு. உங்க பிராசஸர் பெயரையும், அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை பண்றீங்க என்பதையும் கமெண்ட்ல போடுங்க. எந்த வகைன்னு சேர்ந்து பார்ப்போம். போட்டோ போடும்போது ரெக்கவரி கீயோ, லைசென்ஸ் கீயோ தெரியாமல் பார்த்துக்கோங்க.